ஓய்வூதியப் பிரிவுக்கு ஒரு மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர், கருவூலத் துறை
(தற்சமயம் திண்ணையில் ஹெட்போனுடன் இருப்பவர்)

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
ரெக்கார்டிங் அகாடமி,
சாண்டா மோனிகா, கலிஃபோர்னியா.

பொருள்: 2025 பிப்ரவரி 2 அன்று வழங்கப்பட்ட 67-ஆவது கிராமி விருதுகள் – ராக் மற்றும் ராப் இனங்கள் – பாராட்டுத் தெரிவித்தல் – நிலுவைகளை நினைவூட்டல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் 1989-ஆம் ஆண்டுப் பட்டுவாடா.

ஐயா / அம்மையீர்,

முப்பத்து நான்கு வருடம் ஓய்வூதியப் பட்டியல்களைச் சரிபார்த்தே கண் கெட்டவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்: தங்கள் ராக் பிரிவு நடக்கிற நேர்த்தியை எங்கள் மாவட்டத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.

சிறந்த ராக் ஆல்பம் என்று ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ தட்டுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் குழுவின் மிக் ஜாகருக்கு அன்று 81 வயது. கீத் ரிச்சர்ட்ஸுக்கும் அதே 81. இந்த இனம் முதன்முதலில் தொடங்கியபோது யார் பேரில் பட்டுவாடா ஆனது என்று பழைய பதிவேட்டைப் புரட்டினேன். 1995, ‘வூடூ லவுஞ்ச்’, ரோலிங் ஸ்டோன்ஸ். முப்பது வருடம் கழித்தும் அதே பயனாளி, அதே கணக்குத் தலைப்பு. எங்கள் துறையில் இதைத் தொடர் செலவினம் என்போம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். போன வருடம் கொடுத்ததே இந்த வருடம் கொடுப்பதற்குப் போதுமான காரணம்.

அதைவிட என்னை அசத்தியது சிறந்த ராக் நிகழ்த்துதலுக்கான விருது. பீட்டில்ஸ், ‘நவ் அண்ட் தென்’. ஜான் லென்னன் 1970-களின் கடைசியில் வீட்டில் பியானோவை வைத்துக்கொண்டு கேசட்டில் பாடிவைத்த பாட்டு அது. 1980-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜார்ஜ் ஹாரிசன் 2001-இல் போய்ச் சேர்ந்தார். பியானோ சத்தத்துக்குள் அமுங்கிக் கிடந்த லென்னனின் குரலை இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆட்கள் கணினியை வைத்துப் பிரித்தெடுக்க, எஞ்சியிருந்த இரண்டு பேரும் பாட்டை முடித்து 2023 நவம்பரில் வெளியிட்டார்கள். கேட்டுவிட்டு நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அது வேறு விஷயம். ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் காலமான பிறகு ஒரே ஒரு மாதம் ஓய்வூதியம் கூடுதலாகப் போய்விட்டாலும் தணிக்கைத் தடை வரும். வாரிசிடம் பிடித்தம் செய்வோம். தங்களிடம் வாரிசே வந்து வாங்கிக்கொண்டு போகிறார். ஷான் லென்னன்தான் பெற்றுக்கொண்டார். வருடா வருடம் உயிர்வாழ் சான்றுக்காக வரிசையில் நிற்கிற எங்கள் பெரியவர்கள் இதைக் கேள்விப்பட்டால் சாண்டா மோனிகாவுக்குக் குடிபெயர்ந்துவிடுவார்கள்.

தங்களிடம் அப்போது பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்களாமே? தங்கை மகளிடம் சொன்னேன். சென்னையில் கணினி வேலை பார்க்கிறாள்; எனக்கு ராப் கற்றுக்கொடுத்த குரு அவள்தான். “மாமா, அவ்வளவு பேருக்கும் உக்காந்து பாட்டு கேக்க நேரம் ஏது? தெரிஞ்ச பேராப் பாத்து டிக் அடிச்சிருப்பாங்க” என்றாள். சின்னப் பெண், விவரம் போதாது. தெரிந்த பேராகப் பார்த்து டிக் அடிப்பதற்குத்தான் அனுபவம் என்று பெயர்.

எனக்கும் ராக்குக்கும் என்ன உறவு என்று தாங்கள் கேட்கலாம். 1980-களில் எங்கள் ஊரில் கேசட் பதிந்து தரும் கடை ஒன்று இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, டி.டி.கே. 90 கேசட் ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் பதிந்து வைத்திருப்பார்கள். அப்படித்தான் ஜெத்ரோ டல் என் வீட்டுக்கு வந்தது. ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் ஊதும் இயான் ஆண்டர்சனை நான் ஏறக்குறைய கிருஷ்ண பகவானாகவே ஏற்றுக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட எனக்கே 1989-இல் தாங்கள் செய்த காரியம் கூச்சமாகிவிட்டது. ஹார்ட் ராக், மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து முதன்முதலாக ஒரு விருது வைத்தீர்கள். மெட்டாலிகா மேடையில் ‘ஒன்’ பாட்டை இடித்து முழக்கியது. ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்துக்குத்தான் என்று உலகமே நம்பியிருக்க, உறையைப் பிரித்தால் ஜெத்ரோ டல்! எப்படியும் கிடைக்காது என்று அவர்கள் விழாவுக்குக்கூட வரவில்லை. மெட்டல் இனத்தில் புல்லாங்குழலுக்கு ஒப்பளிப்பு வழங்கிய ஒரே அலுவலகம் தங்களுடையது. மறு வருடமே இனத்தை இரண்டாகப் பிரித்து மெட்டாலிகாவுக்கும் ஒன்று கொடுத்து நிலுவையைத் தீர்த்தீர்கள். மேல்முறையீட்டில் அரியர் கொடுப்பது எங்களுக்கும் பழக்கம்தான்.

அதே 1989-இல்தான் ராப்புக்கும் தங்கள் அலுவலகத்தில் ஒரு சன்னல் திறந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில், தன் தங்கை வைத்த விருந்தில் கூல் ஹெர்க் தட்டு சுழற்றியதைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். ஆக, குழந்தைக்குப் பதினைந்து வயதான பிறகு பிறப்புச் சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள். எங்கள் ஊரில் ஒரு வருடம் தாண்டினாலே மாஜிஸ்திரேட் உத்தரவு கேட்பார்கள், தாங்கள் பெருந்தன்மையாக நடந்துகொண்டீர்கள். அந்த விருதைத் தொலைக்காட்சியில் காட்டாமல் கொல்லைப்புறமாகக் கொடுத்ததுதான் உறுத்தல். வென்ற ஜாஸி ஜெஃபும் ஃப்ரெஷ் பிரின்ஸும் (வில் ஸ்மித்தான்) வராமல் புறக்கணித்தார்கள். 1988-இல் வந்த பப்ளிக் எனிமியின் இரண்டாவது ஆல்பத்தை இன்றைக்கும் ராப்பின் கோபுரம் என்கிறார்கள். போட்டியிட்ட ஐந்து பேரில் அவர்கள் இல்லை. கோப்பு எண் போடாத காகிதம் எங்கள் அலுவலகத்திலும் காகிதமாகக் கருதப்படுவதில்லை.

தங்கள் ஆண்டுக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கள் 2024 என்பது 2023 செப்டம்பர் 16-இல் தொடங்கி 2024 ஆகஸ்ட் 30-இல் முடிகிறது. பலர் இதைக் கேலி செய்கிறார்கள். ஏப்ரலில் ஆண்டு தொடங்கும் துறையிலிருந்து வந்த எனக்கு இதில் கேலி ஒன்றும் தெரியவில்லை. மார்ச் 31 ராத்திரி பன்னிரண்டு மணிவரை கருவூலத்தைத் திறந்துவைத்து, மூச்சிரைக்க ஓடிவரும் பட்டியல்களை வாங்கிப்போட்ட அனுபவம் எனக்கு உண்டு. டோச்சி என்ற தம்பா நகரத்துப் பெண் அப்படித்தான் வந்தாள். ‘அலிகேட்டர் பைட்ஸ் நெவர் ஹீல்’ வெளியானது ஆகஸ்ட் 30, சன்னலை மூடுகிற நாள்! பத்தொன்பது பாட்டு. நடுநடுவே ஒரு குரல் இன்னொரு குரலைக் கேள்வி கேட்கிறது, அழுகிறது, உடனே தன்னையே கிண்டலடிக்கிறது. சிறந்த ராப் ஆல்பம் என்று கொடுத்தீர்கள். இந்த இனத்தில் லாரின் ஹில், கார்டி பி இருவருக்கும் பிறகு வென்ற மூன்றாவது பெண் அவள். இந்த ஒரு பட்டியலை ஆட்சேபணையின்றி ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்டவர் யாராக இருந்தாலும் அவரைத் தயவுசெய்து இடமாற்றம் செய்துவிடாதீர்கள்.

கெண்ட்ரிக் லமாரின் ‘நாட் லைக் அஸ்’ பாட்டுக்கு ஐந்து விருது. ஒரு மனிதரை ஊரறியத் திட்டிய பாட்டுக்கு உலகம் முழுக்கக் கல்யாண வீட்டிலும் ஆடினார்கள். எனக்கும் கால் தாளம் போட்டது. “மாமா, இது பாட்டு இல்ல, குற்றப்பத்திரிகை” என்றாள் தங்கை மகள். ஆனால் அவர் அறிவிப்பு ஏதுமின்றி நவம்பர் 22 அன்று இறக்கிய ‘ஜி.என்.எக்ஸ்’ ஆல்பம் தங்கள் 2024-இல் கிடையாது. பன்னிரண்டு பாட்டு, முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த வருடத்தில் நான் அதிகமுறை கேட்டது அதைத்தான். டைலர் த கிரியேட்டர் தன் அம்மாவின் குரலை ஊடே ஊடே வைத்துச் செய்த ‘குரோமகோப்பியா’, பதினாறு வருடம் கழித்து வந்த த கியூரின் ஆல்பம் எல்லாமே இப்படி அடுத்த நிதியாண்டுக்குப் போய்விட்டன. த கியூரின் முதல் பாட்டில் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்கவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அவசரமில்லாத ஆட்கள், காத்திருப்பார்கள்.

காத்திருக்கவே மாட்டாத சிலரைப் பற்றித்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஜாக் ஒயிட், 2024 ஜூலை 19 அன்று தன்னுடைய தர்ட் மேன் கடைகளுக்கு வந்து ஏதோ வாங்கியவர்களின் பையில் தன் பேர்கூடப் போடாத இசைத்தட்டு ஒன்றைச் சும்மா போட்டு அனுப்பினார். டெட்ராய்ட், நாஷ்வில், லண்டன் மூன்று ஊரிலும். வீட்டுக்குப் போய் முள்ளை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது முழுசாக ஒரு புது ஆல்பம் என்று தெரிந்தது. கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு போடுவதை நாங்கள் அறிவோம். கடையையே கொசுறாகப் போட்டவர் இவர்தான். பிறகு ‘நோ நேம்’ என்று முறையாக வந்தது, தாங்களும் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தீர்கள். கிடார் கம்பி கையைக் கிழிப்பதுபோல ஒலிக்கும் அந்தத் தட்டு 81 வயதுக்காரர்களிடம் தோற்றது. கூடவே டப்ளின்காரர்களான ஃபோன்டைன்ஸ் டி.சி.யின் ‘ரொமான்ஸ்’ ஆல்பமும். அதில் ‘ஸ்டார்பர்ஸ்டர்’ பாட்டில் பாடகர் மூச்சுத் திணறி இழுக்கிற ஓசை, லண்டன் ரயில் நிலையத்தில் அவருக்கு உண்மையிலேயே வந்த பதற்றத்திலிருந்து பிறந்தது. சேவைக்காலம் போதாது என்று விட்டுவிட்டீர்கள்போல.

பாட்ரிக் ஃப்ளெகல் சிண்டி லீ என்ற பேரில் வெளியிட்ட ‘டயமண்ட் ஜூபிலி’ முப்பத்திரண்டு பாட்டு, இரண்டு மணி நேரம். வந்தபோது அது ஸ்பாட்டிஃபையில் இல்லை. யூடியூபில் ஒரே நீளக் கோப்பு. இல்லாவிட்டால் 1990-களில் பள்ளிப் பையன் செய்ததுபோல இருக்கும் ஒரு இணையப் பக்கத்தில் இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு வானொலி மழையில் நனைந்துகொண்டே பாடுவதுபோல ஒரு சத்தம். மூன்று நாள் விடாமல் கேட்டேன், வீட்டில் சாப்பாடு ஆறிப்போய்த் திட்டு வாங்கினேன்.

ஷெல்லாக் குழுவின் ‘டு ஆல் டிரெயின்ஸ்’ மே 17-இல் வந்தது. அதைச் செய்த ஸ்டீவ் அல்பினி அதற்குப் பத்து நாள் முன்பு மாரடைப்பில் இறந்திருந்தார், 61 வயது. நிர்வாணா ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, விற்பனையில் பங்கு வேண்டாம், குழாய் ரிப்பேர்காரர்போல வேலைக்குக் கூலி போதும் என்று எழுதிக்கொடுத்தவர். அரை மணிக்கும் குறைவான கடைசித் தட்டு. ஒரு சத்தம் கூடுதலாக இல்லை.

கடைசி இனம், இதற்காகத்தான் மனுவே. கா என்ற பேரில் ராப் செய்தவர் புரூக்ளினின் பிரவுன்ஸ்வில்லைச் சேர்ந்தவர், நியூயார்க் தீயணைப்புத் துறையில் கேப்டன்வரை உயர்ந்தவர். அதாவது நம் இனம், அரசு ஊழியர். பணி நேரம் போக வீட்டில் உட்கார்ந்து பாட்டு எழுதி, தானே வெளியிட்டு, புது ஆல்பம் வந்தால் தெருவோரம் நின்று தன் கையாலேயே விற்றிருக்கிறார். அவர் பாட்டில் முரசு அநேகமாக இருக்காது. தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்பதுபோல அடங்கின குரலில் பேசுவார். 34 வருடம் அலுவலகத்தில் யாரிடமும் சத்தம் போடாமல் இருந்து, ராத்திரியில் மட்டும் மனசுக்குள் பேசிக்கொண்ட எனக்கு அந்தக் குரல் வேற்றாளுடையதாகப் படவில்லை. ‘த தீஃப் நெக்ஸ்ட் டு ஜீசஸ்’ 2024 ஆகஸ்டில், தங்கள் கெடுவுக்குள்தான் வந்தது. தேவாலயப் பாட்டுகளையே அடியில் ஓடவிட்டு, அந்தத் தேவாலயம் கறுப்பர்களுக்கு என்ன செய்தது என்று கேட்கிற ஆல்பம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 12 அன்று 52 வயதில் இறந்துபோனார். ராப்பைப் பொறுத்தவரை பணிக்காலத்திலேயே காலமானவர். தங்கள் ராப் ஆல்பப் பட்டியலில் அவர் பேர் இல்லை. எமினெம் இருந்தார்.

இத்தனைக்கும் தங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. விருது நாள் பகலிலேயே, சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டனுக்கு ‘திரிவேணி’ ஆல்பத்துக்காக ஒரு விருது கொடுத்தீர்கள். எங்கள் தெருவில் அதுவரை கிராமி என்றால் என்னவென்று தெரியாதவர்கள்கூட வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஏன் கைகொடுத்தார்கள் என்று இன்னும் விளங்கவில்லை.

எனவே பணிவான கோரிக்கைகள் இரண்டு. ராக் பிரிவில் விருது பெறுவோரிடம் வருடத்துக்கு ஒருமுறை நேர்காணல் நடத்தி உயிர்வாழ் சான்று பெறவும். கா அவர்களின் கோப்பு இதுவரை திறக்கப்படாவிட்டால், திறந்து, ஒருமுறையாவது முழுதாகக் கேட்டுவிட்டு, பிறகு வழக்கம்போல ‘நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி மூடவும். நாற்பது நிமிடம் ஒதுக்கினாலும் போதும்.

விருதெல்லாம் வேண்டாம். இந்த மனு கிடைத்ததற்கு ஒப்புகைச் சீட்டு மட்டும் அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வூதியர்

நகல்: தங்கை மகளுக்கு, வாட்ஸாப்பில்.