சாப்பிட மாட்டேங்குது சார்!

"நேத்தும் சாப்பிடலை சார்."

லிஃப்ட் கதவு மூடுவதற்குள் எங்கள் ஃப்ளாட்டுக்காரர் ஒருவர் இந்தச் செய்தியை நம் காதில் போட்டுவிடுவார். குழந்தையா, மாமியாரா என்று யோசிக்க வேண்டியதில்லை. குழந்தை சாப்பிடாததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மாமியார் சாப்பிடாததை அவர் கவனித்ததே இல்லை. சாப்பிடாதது பாம்பு.

முதலில் லவ் பேர்ட்ஸ் வைத்திருந்தார், பிறகு மீன் தொட்டி. பறவைகள் பறந்தன, மீன்கள் மிதந்தன. இப்போது பால் பைத்தான். ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கத்து மலைப்பாம்பு; விஷமில்லை; முழுதாக வளர்ந்தால் 3 முதல் 5 அடி. பயம் வந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். அடையாறு ஃப்ளாட்டுக்கு வந்த நாளிலிருந்து அது பந்தாகத்தான் இருக்கிறது. உலகத்தில் அது வேண்டுவது ஒன்றே ஒன்று: தன்னை யாரும் கவனிக்கக் கூடாது. போயும் போயும் இவரிடம் வந்து மாட்டிக்கொண்டது.

பெயர் வாசுகி. ஆண் என்று தெரிந்தால் வாசு என்று சுருக்கிக்கொள்ளலாமாம். அதன் ஆகாரம் ஃப்ரீசரில், ஐஸ்க்ரீம் டப்பாவுக்குப் பின்னால், வாலோடு இருக்கிறது. அவர் மனைவி அந்தப் பக்கம் பார்க்காமலே ஃப்ரீசரைத் திறக்கவும் மூடவும் பழகிவிட்டார். இதையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத குணம் ஒன்று உண்டு: அபிப்பிராயம் கேட்பது. பாம்பை வாங்குவதற்கு முன் ஒருவரையும் கேட்கவில்லை, மனைவி உட்பட. வாங்கிய பிறகு ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

முதல் அபிப்பிராயம் வாட்ச்மேனுடையது. "எங்க ஊர்ல வரப்புல விட்டா அதுவே எலி புடிச்சுக்கும் சார். நீங்க ஐஸ்ல வெச்ச எலியக் குடுத்தா யாரு துன்னுவா?" இரண்டாவது, மூன்றாவது மாடி மாமியுடையது. "பேர்லயே பாலை வெச்சுண்டிருக்கு. ஒரு கிண்ணம் பால் வெச்சுப் பாருங்கோ. கூட ஒரு முட்டை. செவ்வாய்க்கிழமையா பார்த்து வைங்கோ." பால் பாம்பின் ஆகாரமே இல்லை; அதற்குச் செரிக்கவும் செரிக்காது. தாகத்தில் தவிக்கிற பாம்பு முன்னால் இருக்கும் எதையும் குடித்துவிடும், அவ்வளவுதான். புற்றில் நாம் ஊற்றும் பாலில் லாபம் எறும்புக்கு. ஆனால் அவர் வைத்தார். செவ்வாய்க்கிழமைதான் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு வருவார். அடையாறில் நடக்க இடமில்லாமலா? மயிலாப்பூரில் அபிப்பிராயம் சொல்ல ஆள் அதிகம். இந்தப் பூங்காவில் வியாதியைப் பற்றி வாய் திறந்தால் போதும், ஆளுக்கொரு வியாதி வெளியே வரும். எல்லோரும் தங்கள் வியாதியைத் தாராளமாகப் பாம்புக்கு விட்டுக்கொடுப்பார்கள்.

"கேஸ்தான்" என்றார் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. "எனக்கும் இதே மாதிரிதான். ராத்திரி ஒரு மாத்திரை, காலையில மூணு இட்லி எறங்கித்து."

"சுகர் பார்த்தேளா?" என்றார் அடுத்தவர். "வெறும் வயித்துல ஒண்ணு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு."

"சாப்பிடவே மாட்டேங்குதே சார்."

"அப்போ வெறும் வயித்துல மட்டும் பாருங்கோ."

முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்தான் கொஞ்சம் தடுமாறினார். தன் அனுபவம் இப்படி வீணாகிறதே என்ற வருத்தம் அவருக்கு. மலைப்பாம்புகளுக்குப் பின்னங்காலின் மிச்சமாக, வாலுக்குச் சற்று மேலே இரண்டு குட்டி நகங்கள் உண்டு. அது தெரிந்திருந்தால் அங்கேயே முழங்காலைத் தேடியிருப்பார்.

அங்கிருந்து கச்சேரி ரோடு. நாட்டு மருந்துக் கடையில் ஓமவாட்டர் கேட்டிருக்கிறார். கடைக்காரர் பழக்கதோஷத்தில், "குழந்தைக்கு எத்தனை மாசம்?" என்றார்.

"எட்டு."

"பல் முளைச்சாச்சா?"

"முளைச்சாச்சு. எல்லாம் உள்பக்கமா வளைஞ்சிருக்கு."

கடைக்காரர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாராம்.

மயிலாப்பூரில் போய்ப் பாம்புக்கு வைத்தியம் கேட்பதே தப்பு. அந்த ஊர் ஞாபகத்தில் பாம்பு என்றால் பூம்பாவை. பூப்பறிக்கப் போன சிவநேசச் செட்டியார் பெண்ணைப் பாம்பு தீண்டியது, சம்பந்தர் வந்து பதிகம் பாட, குடத்தில் இருந்த எலும்பும் சாம்பலும் பெண்ணாக எழுந்தன என்பது தல வரலாறு. கபாலீஸ்வரர் கோவிலில் அவளுக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. பாம்பிடமிருந்து மனுஷரைக் காப்பாற்றிப் பழகிய ஊரில், மனுஷரிடமிருந்து பாம்பைக் காப்பாற்ற யாரிடம் போய் யோசனை கேட்பது?

பொதுவாக நிறையப் பேரிடம் யோசனை கேட்பவர் ஒன்றையும் செய்ய மாட்டார். அதுதான் நியாயம். இவர் எல்லாவற்றையும் செய்வார். "பாவம், புழுக்கம் தாங்காது" என்று ஒருவர் சொன்னார், ஏ.சி.யை 18-ல் வைத்தார். "பாம்புக்குச் சூடு வேணும்" என்று வேறொருவர் சொன்னார். மே மாதத்தில் உஸ்மான் ரோடில் கடை கடையாக ஏறி ரூம் ஹீட்டர் கேட்டார். இப்போது அந்த அறையில் இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன. மின்வாரியத்துக்கு ஆட்சேபம் இல்லை.

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாத பிராணி. வெளியே சூடு இருந்தால்தான் உள்ளே செரிக்கும். பால் பைத்தானின் கூண்டில் ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி அளவில் இருக்க வேண்டும். வேண்டியபோது இந்தப் பக்கம், வேண்டாதபோது அந்தப் பக்கம் என்று அதுவே நகர்ந்துகொள்ளும். காற்றில் நல்ல ஈரமும் வேண்டும். வருஷத்தில் பாதி நாள் நாம் திட்டிக்கொண்டே வாழ்கிற புழுக்கம்தான் அதற்குச் சுகவாசம். சென்னை வெயிலை விரும்பி ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு ஜீவன் கடைசியில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுபோய் ஏ.சி.யில் வைத்துவிட்டார்.

சாப்பிடாதது பெரிய விஷயமே இல்லை. புது இடத்துக்கு வந்த பாம்பை ஒரு வாரமாவது தொடாமல் விட வேண்டும். ஆகாரம்கூட அதற்குப் பிறகுதான். பால் பைத்தான் மாதக்கணக்கில் விரதம் இருப்பதில் பேர்போனது. எடை குறையாத வரை பயமில்லை. எடையை இவர் தினமும் சமையலறைத் தராசில் போட்டுப் பார்க்கிறார், கிராம் சுத்தமாக நோட்டில் எழுதுகிறார். பக்கம் பக்கமாக ஒரே எண். பதில் தன் கையெழுத்திலேயே இருக்க, அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் பதில் தேடுகிறார். தினம் தராசில் ஏற்றப்படும் பாம்பு எப்படிச் சாப்பிடும் என்று கேட்டால் அதையும் ஓர் அபிப்பிராயமாகக் குறித்துக்கொள்கிறார்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ராத்திரி கரண்ட் போனால் முதலில் எழுந்து அந்த அறைக்கு ஓடுகிறவர் அவர்தான். டார்ச் வெளிச்சம் கண்ணில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு, கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பார். தனக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரையோடு ஆபீஸ் போகிறவர், அதற்காக லீவு போட்டிருக்கிறார். பிரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரியத்துக்குப் பாம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதுதான் கோளாறு.

எது வியாதி, எது வியாதி இல்லை என்பது அவருக்கு நேர் தலைகீழ். ஒரு நாள் பாம்பின் கண் நீலம் பூத்தது. "காட்டராக்ட் சார்!" என்று கட்டடமே அதிர்ந்தது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதில் சட்டையோடு சேர்ந்து உரியும். உரிவதற்குச் சில நாள் முன்பு கண் இப்படித்தான் மங்கும். சட்டை உரியத் தொடங்கியதும், "தோல் வியாதி" என்று பிய்த்துவிடப் போனார். ஏ.சி. அறையின் வறட்சியில் அது துண்டு துண்டாகத்தான் வந்தது. பிய்த்தால் புதுத் தோலும் கண்ணும் போகும். ஈரமான அறையில் விட்டிருந்தால் முழுச் சட்டையாகத் தானே கழற்றிப் போட்டிருக்கும்.

அடுத்தது நிஜமாகவே வந்தது. பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தது. "ஸ்விம்மிங் கத்துக்குது" என்று வீடியோ எடுத்தார். தண்ணீரில் குண்டூசித் தலை அளவு கறுப்புப் புள்ளிகள் மிதந்தன: ரத்தம் உறிஞ்சும் பாம்பு உண்ணி. அதன் தொல்லை தாங்காமல்தான் பாம்பு தண்ணீரில் முங்கிக்கொள்ளும். பிறகு தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து திறந்து மூடியது, மூக்கோரம் நுரை. "சிரிக்கிறான் பாருங்க" என்று அதையும் எல்லோருக்கும் அனுப்பினார். அது நுரையீரலில் சளி. பாம்புக்கு இருமத் தெரியாது. நமக்கு இருக்கிற உதரவிதானத் தசை அதற்கு இல்லை. கட்டிய சளியை வெளியே தள்ள வழியில்லாமல் மூச்சுக்குத் திணறும். அந்தப் படத்துக்குக் கீழே நாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

"டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்றால், "வேப்பேரி தூரம் சார்" என்கிறார். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. லஸ்ஸுக்கும் கச்சேரி ரோடுக்கும் உஸ்மான் ரோடுக்கும் போகத் தெரிந்த கார், திருவான்மியூரில் மருந்தீஸ்வரருக்கு அர்ச்சனை செய்யவும் போன கார், வேப்பேரி என்றால் மட்டும் கிளம்ப மறுக்கிறது. காரணம் தூரம் இல்லை. எந்த டாக்டரும் முதலில் கேட்பது, "எங்கே வாங்கினீங்க?"

ஊரையே கேள்வி கேட்கிறவருக்குப் பிடிக்காத கேள்வி அது ஒன்றுதான்.

நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைத்துக்கொள்ள 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்காது. பால் பைத்தான் போன்ற வெளிநாட்டுப் பிராணி என்றால், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். "பேப்பர் இருக்கு சார்" என்று அவர் காட்டியது, விற்றவன் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் உயர்த்திய படம். இந்தப் பாம்புகளில் பல எப்படி வருகின்றன என்பதைச் சென்னை விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகளைக் கேட்டால் தெரியும். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளைத் திறந்தபோது உள்ளே 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. தண்ணீர் இல்லாமல், டப்பாவில் அடைபட்டு, ஒன்றின் உண்ணி மற்றதற்கு ஏறி வந்து சேருகிற ஜந்துவுக்குக் கடையிலேயே பாதி உயிர். மீதியை வாங்கியவர் பார்த்துக்கொள்கிறார்.

இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால் பைத்தான் நன்றாக வைத்துக்கொண்டால் 20, 30 வருஷம் இருக்கும். மீன் தொட்டி மேல் இவருக்கிருந்த ஆசை ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. அலுத்துப்போனால் கிண்டிக் காட்டோரமோ அடையாற்றங்கரையிலோ விட்டுவிடலாம் என்று இப்போதே ஓர் அபிப்பிராயம் உலவுகிறது. அமெரிக்காவில் ஃப்ளோரிடாக்காரர்கள் செய்தது அதுதான். வளர்க்க முடியாமல் விட்டதும் தப்பியதுமான பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்பு நிலம் முழுக்கப் பெருகி, இருக்கிற சிறு பிராணிகளைப் பெருமளவில் தின்று தீர்த்தன. அவற்றைப் பிடிக்க 2017-ல் நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் விமானம் ஏற்றி வரவழைத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பு தெரிந்தவர்கள் என்றால் அவர்கள். நம்மவர் இஸ்திரி வண்டிக்காரர் வரை விசாரித்தார். அவர்கள் பக்கம் போகவே இல்லை.

பாம்பைப் பார்க்க ஆசையாக இருந்தால் கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. 1972-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் ஆசை தீரப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வாருங்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் ஏ.சி.யை நிறுத்துங்கள், தராசை அடுப்படிக்குத் திருப்பிக் கொடுங்கள், நுரை தெரிந்த அன்றே வேப்பேரிக்குக் கிளம்புங்கள். டாக்டர் கேட்கிற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

வாங்காத மற்றவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவில் அவர் உங்களிடமும் வருவார். கேஸ், சுகர், ஓமவாட்டர் எதையும் சொல்லிவிடாதீர்கள். பாம்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்தப் பாம்புக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அதுதான்.