கம்பளியும் கோடையும்

வெயில் கொளுத்தும் மாதத்தில் மலைப்பாதையில் நெடுந்தூரம் நடக்கப் போகிறவனைக் கம்பளிக் காலுறை வாங்கச் சொல்கிறார்களே, காலுக்கென்ன குளிர்ஜுரமா?

ஆஸ்திரேலியாவின் கடுங்கோடையில் மேய்கிற மெரினோ ஆட்டுக்கு எந்த ஜுரம் என்று விசாரித்தீர்களா? தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்ட பின்னும் அதைத் தோலுக்குக் காட்டிக்கொள்ளாத விசேஷ குணம் அந்த ரோமத்துக்கு உண்டு. நமக்குப் பிரியமான பருத்தியோ வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் பற்றிக்கொள்வதால், ஈரத்தில் ஊறி மிருதுவாகிப்போன சருமம் காலணியோடு உராய்ந்து உராய்ந்து, மத்தியானத்துக்குள் குதிகாலில் கொப்புளம் உதயமாகிவிடும்.

ஆயினும் சுத்தக் கம்பளிதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். குதிகாலிலும் பெருவிரல் நுனியிலும் அது சீக்கிரமே தேய்ந்து ஓட்டை விழுமாதலால், நைலான் இழை கலந்து பின்னியதே நீடித்து உழைக்கும். வாங்குமுன் உட்புறத்தை வெளியே புரட்டி, விரல்களின் மேலே ஓடும் தையலை நகத்தால் தடவிப் பாருங்கள். நகத்துக்கு இடறுவது சாயங்காலத்தில் விரலுக்கு ரணம். அவசியம் இரண்டு ஜோடி வாங்குங்கள்: ஒன்று காலில் இருக்க, துவைத்த மற்றொன்றை முதுகுப்பையின்மேல் கட்டி வெயிலில் உலரவிடுங்கள்.