55 வினாடிகளில் இசைக் கல்வி: தொடக்கக் கல்வி இயக்ககத்திற்கு ஒரு பாராட்டு விண்ணப்பம்

பெறுநர்:
தொடக்கக் கல்வி இயக்ககம்,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்,
கல்லூரிச் சாலை, சென்னை.

பொருள்: இசைக் கல்வி – அரசுத் தொடக்கப் பள்ளிகள் – சேலம், நாமக்கல் மாவட்டங்கள் – ஆசிரியர் இன்றியே இசை கற்பிக்கும் முறையைக் கண்டறிந்தமை – பாராட்டுத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தமிழ்த்தாய் வாழ்த்தினை மாநிலப் பாடலாக அறிவித்த 2021 டிசம்பர் மாத அரசாணை.
2. குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, அதன் அட்டவணை.
3. ஆடி மாதத்துப் பம்பை ஓசை (கோப்பில் சேர்க்கப்படவில்லை).

மதிப்பிற்குரிய இயக்ககத்திற்கு,

பார்வை 1இல் காணும் அரசாணை, மாநிலப் பாடலை முல்லைப்பாணியிலும் மூன்றன் நடையிலும் 55 வினாடிகளில் பாட வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. முல்லைப்பாணி என்பது இன்றைய வழக்கில் மோகனம் எனப்படும் ஐந்து சுர இராகம். மூன்றன் நடை என்பது ஒவ்வொரு தாளத் தட்டும் மூன்று சம கூறுகளாகப் பிரியும் அமைப்பு, வடமொழி வழக்கில் திசிரம். பொது நிகழ்ச்சிகளில் இசைத்தட்டைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு வாய்ப்பாட்டாகப் பாடச் செய்வதை ஊக்குவிக்கலாம் என்றும் அதே ஆணை கூறுகிறது. பண், நடை, கால அளவு ஆகிய மூன்றையும் அரசாணையிலேயே எழுதிவைத்த இந்த இசையறிவு போற்றத்தக்கது. எனினும் எடப்பாடிப் பக்கத்து ஈராசிரியர் பள்ளியொன்றின் முற்றத்தில் ஒவ்வொரு காலையும் இந்த வரையறையை நிறைவேற்றிக் காட்டுவோர் ஆறேழு வயதுக் குழந்தைகள் என்பதும், அவர்களுக்குப் பண்ணையும் நடையையும் சொல்லிக்கொடுக்கத் தொடக்கப் பள்ளியில் இசை ஆசிரியர் பணியிடம் என ஒன்று உருவாக்கப்படவே இல்லை என்பதும் சேர்த்து நோக்கப்பட்டால்தான் இயக்ககத்தின் சாதனை முழுமையாக விளங்கும்.

இச்சாதனைக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. பார்வை 2இல் உள்ள அட்டவணை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 குழந்தைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிக்குக் கலைக் கல்வி, உடல்நலமும் உடற்கல்வியும், பணிக் கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கோ 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று தலைகளை எண்ணியதோடு நின்றுவிடுகிறது. மனிதக் குழந்தைக்குப் பதினொரு வயதில்தான் காது முளைக்கிறது என்ற உடற்கூற்றுக் கொள்கை இவ்வாறு நாட்டின் சட்டமாகவே ஆகியிருக்கிறது. காது முளைத்தபின் கிடைத்த கவனிப்பும் பதிவு செய்யத்தக்கதே. 2012ஆம் ஆண்டில் தமிழகம் முழுவதும் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில், வாரத்திற்கு மூன்று அரைநாள் என்ற கணக்கில் நியமிக்கப்பட்டனர். தையல், ஓவியம், கணினி, தோட்டக்கலை, உடற்கல்வி ஆகியவற்றோடு இந்தப் பந்தியில் இசைக்கும் ஓர் இலை போடப்பட்டது. மே மாதத்திற்கு ஊதியம் இல்லை என்ற அப்போதைய ஏற்பாட்டை, கோடையில் குரலுக்கு ஓய்வு தேவை என்ற மருத்துவ அக்கறையாகவே கொள்ள வேண்டும். நிரந்தரப் பணியிடங்களுக்கென ஆசிரியர் தேர்வு வாரியம் 2017இல் அறிவித்த 1,325 சிறப்பாசிரியர் இடங்களில் இசைக்கு ஒதுக்கப்பட்டவை 86. அவற்றில் ஒன்றுகூடத் தொடக்கப் பள்ளிக்கு உரியதன்று.

தொடக்கப் பள்ளியில் பாட்டே இல்லை என்று இதற்குப் பொருளாகாது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வகுப்பறையில் பாடல் களம் என்று தனி மூலையே உண்டு. அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்ட குழந்தைகள் அங்கே காய்கறிகளையும் விலங்குகளையும் கூட்டல் கழித்தலையும் பாடுகிறார்கள். எழுத்தைக் குழந்தையின் நாவில் ஏற்றப் பாட்டைப் போல் வல்லது வேறில்லை என்பதால், இத்திட்டத்தின் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் கசப்பு மருந்தோடு குழைத்துக் கொடுக்கும் தேனாகவே பாட்டு இங்கே நுழைகிறது. மருந்து உள்ளே போனதா என்று வளரறி மதிப்பீட்டில் பார்க்கிறார்கள், தேனைப் பற்றிக் கேட்பார் இல்லை. குழந்தை சுரத்தில் நின்றதா, தாளத்தில் தட்டியதா என்று பதிவதற்கு, பள்ளித் தரவுகளைப் பதியும் எமிஸ் தளத்தில் ஒரு கட்டமும் கிடையாது. எமிஸில் கட்டம் இல்லாத ஒன்று பள்ளியில் நிகழ்ந்ததாகக் கொள்ளப்படுவதில்லை என்பதை இயக்ககத்திற்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டு வேளையைச் சற்று அருகிலிருந்து நோக்குவது நலம். ஆசிரியர் பாடநூலின் விரைவுக் குறியீட்டைத் தம் கைப்பேசியில் வருடி, இணையம் கிடைத்தால் அதில் வரும் பாட்டை ஒலிக்கவிடுகிறார். கிடைக்காத நாளில் தாமே பாடத் தொடங்குகிறார். சிக்கல் அந்த முதல் எழுத்திலேயே பிறந்துவிடுகிறது. சுருதி என்பது பாட்டு முழுவதும் நிலைகொண்டு நிற்கும் ஆதார ஒலி. ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டு அதற்குக் கணக்குச் சொல்வது வழக்கம். ஆண் ஆசிரியரின் குரல் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரைக் கட்டையில் இயல்பாக அமர, ஏழு வயதுக் குழந்தையின் குரலோ நான்கு, ஐந்து கட்டையில்தான் வசதியாக ஒலிக்கிறது. அவர் தமக்கு ஏற்ற உயரத்தில் தொடங்க, பாட்டு கீழே இறங்கும் இடத்தில் குழந்தைகளின் குரல் அடங்கிப்போகிறது. ‘சத்தமாப் பாடுங்க’ என்ற ஆணை உடனே பிறக்கிறது. அவர்கள் பாடுவதை விட்டுவிட்டுக் கத்தத் தொடங்குகிறார்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை போன்ற ஊர்களில் விசைத்தறியின் ஓசையை மீறிப் பேசிப் பழகிய குழந்தைகளுக்குக் கத்துவது புதிதன்று என்பதால் வகுப்பறை அதிர்கிறது, ஆய்வுக்கு வந்த அலுவலரும் மகிழ்கிறார். இதில் ஆசிரியரின் பிழை ஏதுமில்லை. ஐந்து வகுப்புகளையும் இருவராகப் பங்கிட்டுக்கொண்டு, சத்துணவுக் கணக்கையும் சீருடைக் கணக்கையும் பார்த்துக்கொண்டு, வாக்காளர் பட்டியலையும் தூக்கிக்கொண்டு அலைபவரிடம் சுருதிப் பெட்டி எங்கே என்று கேட்பது அறமாகாது.

கற்பிக்காத பாடத்தில் தேர்வு நடத்துவதிலும் துறை முன்னோடியாக விளங்குகிறது. 2022–23இல் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட கலைத் திருவிழா பின்னர் 1ஆம் வகுப்பு வரை விரிக்கப்பட்டது. நல்ல முயற்சியே, மேடை ஏறிய குழந்தையின் முகத்தைக் கண்ட எவரும் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஆயினும், ஆண்டு முழுவதும் இசைக்கென ஒரு பாடவேளைகூட இல்லாத பள்ளியிலிருந்து வரும் குழந்தையும், மாலையில் கட்டணம் செலுத்திப் பாட்டு வகுப்புக்குப் போய்வரும் குழந்தையும் ஒரே மேடையில் நிற்கும்போது, நடுவர் மதிப்பிடுவது குழந்தையின் திறமையையா, பெற்றோரின் வருமானத்தையா என்ற ஐயம் எழுவது இயற்கை. கட்டண உலகத்தையும் பெரிதாக மெச்சுவதற்கில்லை. நாமக்கல் வட்டாரத்தின் புகழ்பெற்ற உறைவிடப் பள்ளிகளுக்குப் ‘பிராய்லர் பள்ளி’ என்ற பட்டப்பெயரை மக்கள் காரணமின்றிச் சூட்டவில்லை. மதிப்பெண்ணாக எடை ஏறாத எதுவும் அங்கே தீவனத்தில் கலக்கப்படுவதில்லை. கோழி என்றதும் நினைவுக்கு வரும் இன்னொரு கணக்கும் உண்டு. நாள்தோறும் முட்டை விலை அறிவிக்கப்படும் ஊராகிய நாமக்கல்லில், சத்துணவு உண்ணும் குழந்தைக்கு வாரத்திற்கு 5 முட்டைகள் தவறாமல் கிடைக்கின்றன. ஆறாவது முட்டை கால அட்டவணையில் இசைக்கு நேராக இடப்பட்டிருக்கிறது.

இசை கற்க விரும்பும் குழந்தைக்கு வேறு வழியே இல்லையா என்று இயக்ககம் வினவக்கூடும். கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப் பள்ளி சேலத்தில் உண்டு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவை அங்கே மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. சேர்வதற்குரிய வயது 12 முதல் 25 வரை. சிறுவர்களுக்கென ஜவகர் சிறுவர் மன்றங்கள் விடுமுறை நாள்களில் நகரங்களில் இயங்குகின்றன. சேந்தமங்கலத்துக்கு அப்பாலுள்ள ஒரு கூலித் தொழிலாளி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு பேருந்து மாறிச் சென்றால் அதுவும் எட்டிவிடும் தொலைவே.

இத்தனைக்கும், இசைக்குப் பஞ்சப்பட்ட மண்ணன்று இது. ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மனுக்குத் திருவிழா எடுத்து, குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும் நாள்களில், இடுப்பில் கட்டிய இரட்டை முழவாகிய பம்பையைக் குச்சியால் அறையும் கலைஞர், காலத்தை இரட்டித்து, மீண்டும் இரட்டித்து, கூட்டத்தையே சாமியாட வைக்கிறார். அவர் ஒரே மூச்சில் செய்து காட்டும் கால மாற்றம்தான் இசை நூல்களில் முதற்காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பாடமாக எழுதப்பட்டிருக்கிறது. இவ்வட்டாரத்தின் கூத்துக்காரர் மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் துணைநிற்க, விடிய விடியத் தொண்டை தளராமல் பாடுகிறார். உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடும் மரபு கொங்கு நாட்டுக்கே உரியது. திருச்செங்கோட்டு முருகன்மேல் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ்களோ சந்தத்தின் சுரங்கம். சந்தம் என்பது குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் அடுத்தடுத்து அமையும் முறையால் சொல்லுக்குள்ளேயே உருவாகும் தாள அச்சு. அதைக் கைதட்டிச் சொல்லப் பழகிய குழந்தைக்கு மூன்றன் நடையைத் தனியாக விளக்க வேண்டிய தேவை பெரும்பாலும் நேராது.

இந்தக் கலைஞர்களில் ஒருவரும் ஆசிரியராகப் பள்ளிக்குள் நுழைய இயலாது. இசையில் கீழ்நிலை, மேல்நிலை என்னும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளும், அவற்றின் மேல் தொழில் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் இல்லாதவருக்கு இசை தெரியாது என்பது துறையின் நிலைப்பாடு. கூத்து பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்கிவிழும் சிறுவனை வெளியே நிறுத்துவதற்கு மட்டும் எந்தச் சான்றிதழும் தேவைப்படுவதில்லை. அங்கேரி நாட்டின் இசையறிஞர் சோல்த்தான் கோடாய் இதற்கு நேர்மாறாகச் சிந்தித்தவர். ஊர் ஊராக அலைந்து நாட்டுப்பாடல்களைத் திரட்டிய அவர், அப்பாடல்களே குழந்தையின் இசைத் தாய்மொழி என்று கொண்டு, அவற்றிலிருந்தே பள்ளி இசையைத் தொடங்க வேண்டும் என்றார். அவர் பிறந்த கெச்கெமேத் நகரில் 1950இல், இரண்டாம் உலகப் போரின் இடிபாடுகளிலிருந்து மீளாத ஒரு நாட்டில், இசைக்கு முதலிடம் கொடுக்கும் தொடக்கப் பள்ளி திறக்கப்பட்டது. நிதிநிலை சீரானபின் பார்த்துக்கொள்ளலாம் என்று குறிப்பெழுதி அக்கோப்பைத் திருப்பியனுப்ப அங்கே ஆள் இல்லாமற் போனது அங்கேரியர்களின் நற்பேறு.

எனவே, மேற்கண்ட சாதனைகளுக்குப் பாராட்டுத் தெரிவிக்கப்படும் அதே வேளையில், அவற்றைக் கைவிடுமாறும் இயக்ககம் கேட்டுக்கொள்ளப்படுகிறது. பள்ளிக்கு ஓர் இசை ஆசிரியர் என்ற பேராசை எவருக்கும் இல்லை. பள்ளிகளைத் தொகுத்து அமைத்த குறுவள மையம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இசை ஆசிரியர், அவர் பள்ளிக்குப் பள்ளி சுற்றிவர மிதிவண்டிப் படியோ பேருந்துப் படியோ, கால அட்டவணையில் வாரம் இரண்டு பாடவேளை, அவ்வேளைகளைக் கணக்குக்குக் கடன் கொடுக்கக்கூடாது என்று ஒரு வரி; இவை போதும். உத்தமசோழபுரத்தில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில், குழந்தையின் குரலுக்கேற்ற உயரத்தில் பாட்டைத் தொடங்குவது எப்படி என்று இடைநிலை ஆசிரியர்களுக்குச் சில நாள் பயிற்சி அளிப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பம்பைக் கலைஞரையும் கூத்துக்காரரையும் வருகைதரு ஆசிரியராக அழைத்து, பொன்னாடையோடு அனுப்பிவிடாமல் மதிப்பூதியமும் வழங்குவதற்குத் தகுதித் தளர்வாணை ஒன்று வேண்டும். தளர்வாணை பிறப்பிப்பது துறைக்குப் பழகிய வேலைதான்.

முதற்கட்டமாக, வரும் சூனில் பள்ளி திறக்கும் முன்னர், சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஒன்றியத்திற்கு ஒருவர் வீதமாவது தொடக்கப் பள்ளி இசை ஆசிரியர்களை முழுநேரப் பணியில், மே மாத ஊதியத்தோடு நியமித்து, அந்த நியமன ஆணையைத் தலைமையாசிரியர்கள் அனைவருக்கும் அனுப்பி உதவுமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.