ஒடிந்த வாளை ஏன் சுமந்தான்?

கேள்வி: மாயாஜாலக் கதைகளில் நாயகன் கைக்கு மந்திர வாள் வந்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்துவிடுகிறதே! அப்புறம் அவனுக்கென்று என்ன வீரம்?

பதில்: டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பக்கம் வாருங்கள். முதல் பாகம் வெளிவந்தது 1954-ல். அதில் நாயகர்களில் ஒருவனான அரகோர்ன், ப்ரீ ஊர்ச் சத்திரத்தில் உறையிலிருந்து வாளை உருவிக் காட்டுகிறான். பிடிக்குக் கீழே ஓரடியில் ஒடிந்து நிற்கிறது! வெங்காயம் நறுக்கலாம், போருக்குப் போக முடியாது.

'நார்சில்' என்ற அந்த வாள், அவன் முன்னோர் எலெண்டில், இருளின் அதிபதி சௌரோனோடு மோதி விழுந்தபோது உடைந்தது. எலெண்டிலின் மகன் இசில்டூர், சௌரோனின் கையிலிருந்து அவனுடைய மந்திர மோதிரத்தை அறுத்தெடுத்தது அந்த ஒடிந்த துண்டால்தான். முழு வாளால் ஆகாதது முறிந்த வாளால் ஆயிற்று! அதன் பிறகு மூவாயிரம் ஆண்டுகள் அந்த வம்சம் துண்டுகளைக் கட்டிக் காத்ததே, எனக்கு அதுதான் பெரிய வீரம்.

ரிவெண்டலில் எல்ஃப் கொல்லர்கள் அதைப் புதிதாக அடித்து, ஏழு நட்சத்திரங்களைப் பொறித்துக் கொடுக்கிறார்கள். பெயர் 'ஆண்டூரில்'. இந்தக் கதையைப் படமாக்கியபோது, 2003-ல் வந்த மூன்றாவது படத்தில்தான் அது அவன் கைக்கு வருகிறது. நாவலில் பயணம் கிளம்பும்போதே இடுப்பில் ஏறிவிடுகிறது. எனக்கு நாவல்தான் சரியென்று படுகிறது. வாளை வாங்கியவன் பொறுப்பையும் அன்றே வாங்கிக்கொள்கிறான்.

மன்னன் தியோடனின் அரண்மனை வாசலில், வாளை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னதும் அரகோர்ன் தயங்கும் பக்கங்களை அவசியம் படியுங்கள். சௌரோனின் படையையே எதிர்க்கத் துணிந்தவன் அங்கே ஒரு காவலரிடம் வாதாடுகிறான்.