ஆற்றில் அளந்து போட்ட தங்கம்

கலிபோர்னியாவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு நாலாம் வகுப்பு ஒரு கண்டம். அந்த வருஷம்தான் மாநில வரலாறு பாடம். முதல் பாதி ஸ்பானியப் பாதிரியார்கள் கட்டிய மிஷன்கள், பின்பாதி தங்கம். மிஷன் பாடத்துக்குச் சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி ஒரு மாதாகோயில் கட்டிக்கொண்டு போவது இங்கே தலைமுறைப் பழக்கமாக இருந்தது. கட்டியது எப்போதும் அப்பா, ராத்திரி பதினோரு மணிக்கு. 2016-இல் வந்த புதிய பாடத்திட்ட வழிகாட்டி, சர்க்கரையில் மிஷன் கட்டுவதால் அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றிப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. எறும்புகளைத் தவிர யாருக்கும் வருத்தமில்லை.

தங்கத்துக்கு அப்படித் தடை எதுவும் வரவில்லை. அதனால் குளிர் விட்டதும் ஃபோல்சம், சேக்ரமென்டோ பக்கத்து மஞ்சள் பஸ்கள் வரிசைகட்டி கொலோமாவுக்குக் கிளம்பிவிடும். போகிற வழியில் வரும் நெடுஞ்சாலைக்கு நம்பரே 49. 1849-இல் தங்கம் தேடி வந்து குவிந்த கூட்டத்தின் ஞாபகமாக வைத்தது. ஜேம்ஸ் மார்ஷல் என்ற தச்சர், ஜான் சட்டருக்காகக் கட்டிக்கொண்டிருந்த மர அறுவை மில்லின் கால்வாயில் 1848 ஜனவரி 24 அன்று குனிந்து எதையோ எடுத்தார். அந்த ஒரு குனிவைப் பார்க்கத்தான் இத்தனை பஸ்.

பிள்ளைகளோடு போகும் பெற்றோருக்கு ‘ஷாப்பரோன்’ என்று கௌரவமான பெயர். வேலை எண்ணுவது. என் பொறுப்பில் ஐந்து பிள்ளைகள். பஸ்ஸில் ஏறும்போது எண்ண வேண்டும், இறங்கும்போது எண்ண வேண்டும், கழிவறைக்குள் போனதையும் வந்ததையும் எண்ண வேண்டும். வரலாறு நம் காதில் விழுவது இந்த எண்ணிக்கைகளுக்கு நடுவில்தான். சாப்பாடு தூக்கி எறியக்கூடிய காகிதப் பையில்தான் இருக்க வேண்டும், வேர்க்கடலை கூடாது என்று சுற்றறிக்கை வேறு. வேர்க்கடலை போடாத புளியோதரையை என் மாமியார் உணவு வகையிலேயே சேர்க்கமாட்டார். அதையும் அன்று கட்டிக் கொடுத்தார்.

மாமியாரும் மாமனாரும் காரில் பின்னாலேயே வந்தார்கள். பொதுப் பூங்காதானே, கட்டணம் கட்டினால் யாரும் வரலாம். அதுவுமில்லாமல் மாமனார் கோலார் தங்கவயல்காரர். மில்லில் கல் அரைத்து ரிட்டயர் ஆனவர். அமெரிக்காவுக்கு வந்து கோல்டன் கேட் பாலத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. காஸ்ட்கோவைப் பார்த்தார், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கம் என்று காதில் விழுந்ததும் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி சம்பளமில்லாத தொண்டர். வைக்கோல் தொப்பி, தோளில் வார்ப்பட்டை, முழங்கால் வரை பூட்ஸ், வெண்தாடி. தாடி மட்டும் சொந்தம். அருமையாகக் கதை சொன்னார். எடுத்த எடுப்பில் பிள்ளைகளை 1849-க்குக் கொண்டுபோனார். “நீங்கள் எல்லோரும் தங்கம் தேடி வந்திருக்கிறீர்கள். வர மூன்று வழி. கப்பலில் ஹார்ன் முனையைச் சுற்றி வரலாம், ஐந்து மாதத்துக்குக் குறையாது. பனாமாவில் இறங்கிக் காட்டைக் கடந்து மறுபடி கப்பல் பிடிக்கலாம், மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் இலவசம். இல்லாவிட்டால் மாட்டுவண்டியோடு இரண்டாயிரம் மைல் நடக்கலாம். நீ எந்த வழி?” என்று முன்வரிசைப் பையனைக் கேட்டார்.

“ஃப்ராங்க்ஃபர்ட் வழி” என்றான் அவன்.

“நாங்க துபாய்” என்றாள் அவன் பக்கத்தில் நின்றவள். வழிகாட்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். ஃபோல்சம் பள்ளிக்கூடங்களுக்குக் கதை சொல்வதில் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது.

அறுவை மில்லுக்குப் போனோம். அது அசல் இல்லை. அசல் வெள்ளத்திலும் விறகுப் பஞ்சத்திலும் எப்போதோ போய்விட்டது. இது 1960-களில் எழுப்பிய மாதிரி. நிற்கிற இடமும் அசல் இடம் இல்லை, அது ஆற்றோரமாகத் தள்ளி இருக்கிறது. ஆறும்கூட அன்று ஓடிய தடத்தில் இன்று ஓடவில்லை. ஆக, மார்ஷல் இங்கே குனியவில்லை என்பது மட்டும் உறுதி. ஆனால் நாலாம் வகுப்பு அத்தனையும் பயபக்தியோடு தரையைப் பார்த்தது.

மார்ஷலுக்கு முதலில் சந்தேகமாம். கல்லின்மேல் வைத்துச் சுத்தியால் தட்டினார். தங்கம் மாதிரி மினுக்கும் பைரைட்டாக இருந்தால் நொறுங்கியிருக்கும், இது தட்டையானது. அடுத்த சோதனையை நடத்தியவர் முகாமில் வேலையாட்களுக்குச் சமைத்துப் போட்ட ஜென்னி விம்மர். அன்றைக்கு அந்த அம்மாள் சோப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தார். காரம் கொதிக்கிற அண்டாவில் அந்தத் துணுக்கைப் போட்டு வைத்தார். சோப்பை வழித்தெடுத்த பிறகு பார்த்தால், அடியில் கறுக்காமல் மின்னிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் தலையெழுத்தை மாற்றிய பரிசோதனைச் சாலை அந்தச் சோப்பு அண்டாதான். வழிகாட்டி இதை ஒன்றரை வாக்கியத்தில் முடித்துவிட்டு மறுபடி மார்ஷலின் முழங்காலுக்குப் போய்விட்டார். என் பெண் கை தூக்கினாள்.

“அந்த சோப்பை அப்புறம் யூஸ் பண்ணாங்களா?”

“நல்ல கேள்வி” என்றார். வழிகாட்டிகள் நல்ல கேள்வி என்று சொன்னால் பதில் வராது என்று அர்த்தம். நேராகக் கொல்லன் பட்டறைக்குக் கூட்டிப்போய்விட்டார்.

போகிற வழியில் இன்னொரு சுவையான சங்கதி சொன்னார். தங்கம் அகப்பட்டு ஒன்பதாவது நாள், பிப்ரவரி 2 அன்று, மெக்சிகோ இந்த நிலத்தை எல்லாம் அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்து உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது. தங்கச் சேதி இரண்டு தரப்புக்கும் எட்டவில்லை. இதை மாமனாருக்கு மொழிபெயர்த்தேன். “இன்னாம்மா அநியாயம்! நம்ம ஊரா இருந்தா ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்லயே ஸ்டே வாங்கிருப்பான்” என்றார். மெக்சிகோவுக்காக ஒருவர் இவ்வளவு மனம் நொந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது ஆற்றங்கரைப் பாறை. அதில் உரல்குழி போலக் குழிகள். நிசெனன் பூர்வகுடிப் பெண்கள் கருவாலிக் கொட்டையை இடித்து மாவாக்கிய இடம். ஊர்ப் பெயரே அவர்களுடைய கிராமத்தின் பெயர்தான். பிள்ளைகள் குழிக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். “அவங்க இப்ப எங்கே?” என்று துபாய் வழியாக வந்தவள் கேட்டாள். “பிறகு அவர்கள் இடம் பெயர்ந்தார்கள்” என்றார் வழிகாட்டி. ஏதோ வாடகை கட்டுப்படியாகாமல் வேறு வீடு பார்த்துப் போனவர்களைப் போலச் சொன்னார். 1848-இல் கலிபோர்னியாவில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூர்வகுடிகள் இருந்ததாகக் கணிக்கிறார்கள். 1870 வாக்கில் மிஞ்சியது சுமார் முப்பதாயிரம். நோய் பாதி, பசியும் துப்பாக்கியும் மீதி. துப்பாக்கிக்காரர்களுக்கு மாநில அரசே படி அளந்தது. 2019-இல் ஆளுநர் இதற்காக மன்னிப்புக் கேட்டார். இது எதுவும் வழிகாட்டிக்குத் தெரியாமல் இல்லை என்றே நினைக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளைகள், அடுத்த குழு பின்னாலேயே காத்திருக்கிறது, சாப்பாட்டு நேரம் வேறு. அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் கொல்லன் பட்டறைக்குத்தான் போயிருப்பேன்.

பிறகு எல்லோரும் காத்திருந்த கட்டம், தங்கம் அரிப்பது. இடுப்பு உயரத்தில் நீளமான தண்ணீர்த் தொட்டிகள். தலைக்கு ஒரு தட்டு, தட்டில் மணல். மணலில் தங்கத் துகள்களை முன்கூட்டியே கலந்து வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையும் ஏமாந்து போகக்கூடாதாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மில்லின் சொந்தக்காரர் சட்டருடைய கோட்டையிலும் இப்படித் தொட்டிகள் இருந்தன. அங்கே வந்துபோன வெள்ளைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்: முற்றத்தில் நீள மரத்தொட்டியில் கஞ்சியை ஊற்றுவார்களாம், வேலை செய்த பூர்வகுடிகள் மண்டியிட்டுக் கையால் அள்ளிக் குடிப்பார்களாம். சட்டரைப் பற்றி வழிகாட்டி சொன்னதெல்லாம் அவர் தாராள மனசுக்காரர், கடைசிவரை நஷ்டஈடு கேட்டு அலைந்தே செத்தார் என்பதுதான்.

மாமனார் தொட்டியருகே வந்து தட்டை ஒரு பார்வை பார்த்தார். “ஒரு டன் கல்லை அரைச்சா நாலு கிராமோ அஞ்சு கிராமோ. இவன் ஒரு பிடி மண்ணுல ஆறு துணுக்கு போட்டிருக்கான். இவ்ளோ ரிச்சா இருந்திருந்தா எங்க மைன்ஸை எதுக்கு மூடுறாங்க?” என்று ஆரம்பித்து, சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது, பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் உருண்டது, சயனைடில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தது என்று போனார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அப்பா சயனைடு என்ற சொல் மட்டும் காதில் விழுந்து தன் பிள்ளையை நகர்த்திக்கொண்டார்.

என் குழுவில் யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. “சுழற்று, சுழற்று” என்று வழிகாட்டி சொன்னதைக் கேட்டு, சுழற்றிய சுழற்றில் மணல், தங்கம், சட்டைக் கை எல்லாம் தொட்டிக்குள் போயிற்று. ஒருவன் காக்காப்பொன்னை அள்ளி பாக்கெட்டில் திணித்துக்கொண்டு தான் கோடீஸ்வரன் என்று அறிவித்தான். என் மாமியார் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தட்டை வாங்கினார். தட்டின் ஒரு பக்கம் வரிவரியாகப் பள்ளம் இருந்தது. அரிக்கஞ்சட்டியில் கல் அரித்த கைக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் தண்ணீருக்குள்ளேயே வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். தங்கம் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனம், மணல் இரண்டரை மடங்குதான். ஆட்ட ஆட்டக் கனமானது அடிக்குப் போய்விடும். பிறகு தட்டைச் சாய்த்து, மேல் மணலைத் தண்ணீரோடு வழியவிட்டார். மறுபடி ஆட்டம், மறுபடி சாய்ப்பு. கடைசியில் ஒரு சிட்டிகை கறுப்பு மணல். அதை விரலால் மெதுவாக ஒதுக்கினார். விளிம்பில் ஆறு மஞ்சள் பொட்டு.

நாலாம் வகுப்பு மொத்தமும் வரிசையில் வந்து நின்றது. வழிகாட்டியும் நின்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கல்லால் கட்டிய சீனக் கடைகள். மான் லீ கடை, வா ஹாப் கடை. தங்கம் தேடி வந்த அன்னியர்களுக்கு 1850-இல் மாதம் இருபது டாலர் வரி போட்டார்கள். அடுத்த வருஷமே அதை எடுத்தார்கள். 1852-இல் மூன்று டாலராக மறுபடி போட்டார்கள். கட்டியது பெரும்பாலும் சீனர்கள். வழிகாட்டி இதைச் சொன்னபோதுதான் கூட வந்த அப்பாக்கள் முதல்முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். அத்தனை பேரும் எச்-1பி விசா. ரசீது கொடுத்தார்களா, பாதியில் ஊருக்குப் போனால் பணம் திரும்பக் கிடைத்ததா, மனைவிக்குத் தனியா என்று விசாரணை நீண்டது. அன்றைய சுற்றுலாவில் பெரியவர்கள் கேட்ட கேள்விகள் அவை மட்டுமே.

மலைமேல் மார்ஷலுக்குச் சிலை. அவருக்கு 1872-இல் மாநில அரசு ஓய்வூதியம் கொடுத்தது, பிறகு அதைப் பாதியாக்கியது, 1878-இல் நிறுத்தியது. 1885-இல் அவர் வறுமையில் செத்ததும், ஐந்து வருஷத்துக்குள் சமாதியின்மேல் பெரிய சிலை எழுப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களுக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

கடைசியாக, சாம் பிரானன் கதை. ஊரில் கிடைத்த மண்வெட்டி, தட்டு எல்லாவற்றையும் முதலில் வாங்கிப் போட்டுவிட்டு, அப்புறம் சான் ஃப்ரான்சிஸ்கோ தெருவில் தங்கப்பொடிக் குப்பியை ஆட்டியபடி “தங்கம், தங்கம்” என்று கத்திப் பணக்காரரானவர். கதையைச் சொல்லி முடித்த கையோடு எங்களைப் பரிசுப்பொருள் கடைக்குள் விட்டார். உள்ளே தட்டு இருந்தது, குப்பியும் இருந்தது. ஒரு குப்பியை மாமனார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கிராமுக்கு என்ன விலை விழுகிறது என்று கணக்குப் போட்டு, கடைப் பெண்ணிடம் செய்கூலி சேதாரம் சேர்த்தா என்று கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை.

ஆனால் வாசலில் வழிகாட்டியிடம் அவரே பேச்சுக் கொடுத்தார். இதே சாலையில் வடக்கே கிராஸ் வேலியில் எம்பயர் சுரங்கம் இருக்கிறது, அங்கே இறங்கியவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் கார்ன்வால்காரர்கள் என்று வழிகாட்டி சொன்னதும் மாமனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கோலாரில் 1880-களில் ஆழச் சுரங்கம் தோண்டியவர்களும் அந்தக் கார்ன்வால்காரர்கள்தான். இரண்டு கிழவர்களும் பாதி ஆங்கிலத்திலும் பாதிக் கைஜாடையிலும் பஸ் ஹாரன் அடிக்கும்வரை பேசினார்கள். எம்பயர் சுரங்கம் 1956-இல் மூடிவிட்டதாம், இப்போது அது பூங்கா, உள்ளே போக டிக்கெட். “நாங்களும்தான் 2001-ல மூடினோம். டிக்கெட் போடத் தோணலியே” என்று கார் ஏறும்போது மாமனார் சொன்னார்.

அந்த வாரம் வீட்டுப்பாடம்: தங்க வேட்டைக் காலத்தில் கொலோமாவில் இருந்த ஒருவராக உங்களை நினைத்துக்கொண்டு ஒரு பக்க நாட்குறிப்பு எழுதவும். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தங்கம் எடுத்துப் பணக்காரர் ஆனார்கள், இரண்டு பேரைக் கரடி தின்றது. என் பெண் எழுதியது இது: “இன்றும் சோப்புக் காய்ச்சினேன். கை எரிகிறது. பன்னிரண்டு பேர் சட்டை துவைக்க வேண்டும். நடுவில் ஒருவர் வந்து அண்டாவில் ஒரு கல்லைப் போட்டார். கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம்.”

‘நன்றாக இருக்கிறது. தங்கம் எங்கே?’ என்று டீச்சர் ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்.

அதற்குக் கீழே பென்சிலால் பதில்: ‘சோப்புக்கு அடியில்.’