வடிகால் இல்லாத தெர்மோஸ்டாட்

கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள மாமாவுக்கு,

சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் ஒரு பெட்டியை மாற்ற அமெரிக்காவில் இவ்வளவு அமர்க்களமா, கரண்டுக்காரர் யாரும் கிடைக்கமாட்டாரா என்று கேட்டிருந்தீர்கள். கிடைப்பார் மாமா. வாசற்படி ஏறுவதற்கு ஒரு கூலி, பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு இன்னொரு கூலி. நம்மூர்போல ஒரு டீயும் நாலு ஊர்க்கதையும் கொடுத்துக் கணக்கைக் குறைக்க முடியாது. அதனால் இங்கே குடியேறிய நம்மவர்கள் பலர் சனிக்கிழமை எலெக்ட்ரீஷியன்கள். அவர்கள் துணிந்து கைவைக்கிற முதல் சாமான் இந்தத் தெர்மோஸ்டாட். துணிச்சலுக்கு நியாயமும் உண்டு. அதில் ஓடுவது வெறும் 24 வோல்ட். (சுவரோரம் மின்கணப்பு வைத்த வீடுகளில் அதே இடத்தில் தடித்த கம்பிகளில் 240 வோல்ட் வரும். அங்கே கூலி கொடுப்பதே லாபம்.) ஆனாலும் புதுப் பெட்டியை மாட்டிய பிறகு திரை இருண்டே கிடக்கிறது, நடுராத்திரியில் செத்துப்போகிறது என்ற புலம்பல் குளிர்காலந்தோறும் கேட்கிறது. அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், வடிகாலை மறந்ததுதான் என்பது என் கட்சி. டெல்டாவில் பிறந்தவன் இதில் ஏமாறலாமா?

முதலில் பெட்டியின் உத்தியோகம் என்ன என்று பார்ப்போம். தஞ்சாவூரில் ஏசி என்றால் ஒரு அறை, ஒரு ரிமோட். மற்ற அறைகளுக்கு ஃபேனும் முற்றத்துக் காற்றும். இங்கே வீடு முழுக்க ஒரே காற்று. நிலவறையில் நிற்கும் ஃபர்னஸ் அதைச் சூடாக்கும், வெளியே நிற்கும் கம்ப்ரசர் குளிர்விக்கும், தகரக் குழாய்கள் அறை அறையாகக் கொண்டுபோகும். எப்போது ஓடணும், எப்போது நிற்கணும் என்று உத்தரவு போடுவது மட்டுமே தெர்மோஸ்டாட். சூட்டை அது உண்டாக்குவதில்லை. அவசரத்துக்கு 30 டிகிரியில் திருப்பிவைத்தால் சாதாரண ஃபர்னஸ் வேகமாகச் சூடாக்காது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகும், கேஸ் பில்லும் கூடப் போகும். "கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தால் ஆகாதா" என்று அத்தை கேட்பது மனிதருக்குச் சரி. ஜனவரியில் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கிற ஊரில் குழாய்க்கு யார் கம்பளி போர்த்துவது?

பழைய பெட்டியைக் கழற்றினால் சுவர் ஓட்டையிலிருந்து நாலைந்து மெல்லிய கம்பிகள் எட்டிப் பார்க்கும். ஒவ்வொன்றும் ஓர் எழுத்து போட்ட முனைக்குப் போகும். ஆர் என்பதுதான் தலைமதகு. டிரான்ஸ்ஃபார்மர் தரும் 24 வோல்ட் அதில் வருகிறது. அதை டபிள்யூவோடு சேர்த்தால் ஃபர்னஸ் எரியும், ஒய்யோடு சேர்த்தால் கம்ப்ரசர் ஓடும், ஜியோடு சேர்த்தால் காற்றாடி சுற்றும். பிரித்தால் எல்லாம் நிற்கும். நம்மூர் மதகில் லஸ்கர் ஷட்டரைத் தூக்கி இறக்குகிற வேலை, அவ்வளவே. ஆருக்குச் சிவப்பு, டபிள்யூவுக்கு வெள்ளை, ஒய்க்கு மஞ்சள் என்பது வழக்கம்தான், சட்டமில்லை. நிறத்தை நம்பும் நம்மவருக்கு ஆபத்து இரட்டிப்பு. நம்மூர் வயரிங்கில் கறுப்பு என்றால் நியூட்ரல், பரம சாது. இந்த நாட்டு வீட்டு மின்சாரத்தில் கறுப்புதான் அடிக்கிற கம்பி, வெள்ளை நியூட்ரல். அதே வெள்ளை தெர்மோஸ்டாட்டுக்கு வந்தால் சூடு கேட்கிற கம்பி! ஆகவே பிரேக்கரை அணைத்துவிட்டு, எந்தக் கம்பி எந்த எழுத்தில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும்.

இனி வடிகாலுக்கு வருகிறேன். 1953-ல் ஹனிவெல் கம்பெனி விற்பனைக்கு விட்ட வட்டத் தெர்மோஸ்டாட், ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்தது, இன்றும் பழைய வீடுகளில் தென்படும். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள் ஒன்று, அதன் மேல் சிறு கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் ஒரு சொட்டுப் பாதரசம். அறை குளிர்ந்தால் சுருள் அசைந்து குப்பி சாயும், பாதரசம் உருண்டுபோய் இரண்டு முனைகளையும் தொடும், ஃபர்னஸ் எரியும். இந்த லஸ்கருக்குச் சம்பளமே கிடையாது. இப்போது வருகிற பெட்டிக்கோ திரை உண்டு, வைஃபை உண்டு, நீங்கள் தஞ்சாவூரில் உட்கார்ந்தபடி ஒஹாயோ வீட்டைச் சூடாக்கலாம். அதற்கெல்லாம் இரவும் பகலும் தனக்கே மின்சாரம் வேண்டும். ஆரில் வந்தது பெட்டிக்குள் ஓடித் திரும்பிப் போக வழி இருந்தால்தானே கிடைக்கும்? அந்த வழிதான் சி. பழைய பெட்டிக்கு அது தேவைப்படாததால் பல வீடுகளில் அந்தக் கம்பியை யாரும் இணைக்கவேயில்லை. வயலுக்கு வாய்க்கால் மட்டும் வெட்டி வடிகாலை விட்டால் ஐப்பசி, கார்த்திகையில் சம்பா என்ன கதியாகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

வடிகால் தண்ணீர் கடலுக்குப் போய்விடுமே, மேட்டூருக்கா திரும்புகிறது என்று மடக்குவீர்கள். ஒப்புக்கொள்கிறேன். மின்சாரம் புறப்பட்ட டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பியாக வேண்டும். நம் தண்ணீருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த மட்டில் டிரான்ஸ்ஃபார்மர் மேட்டூரைவிட பாக்கியசாலி: ஜூன் 12 வருமா என்று பார்த்திருக்க வேண்டாம், 177.25 டிஎம்சி என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதுபோல யாரும் பங்கு பிரித்துக் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் போக வழியில்லாத இடத்தில் வரத்தால் பயனில்லை என்ற வரைக்கும் இரண்டும் ஒன்றுதான்.

"சி இல்லாமலே ஓடும்" என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கிற கம்பெனிகளும் உண்டு. பொய்யில்லை. சூடோ குளிரோ கேட்காத நேரத்திலும் டபிள்யூ அல்லது ஒய் கம்பி வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டு, அதில் தன் வயிற்றைக் கழுவிக்கொள்ளும் தந்திரம் அது. கடைமடையில் அரிச்சந்திரா நதியும் அடப்பாறும் பாசனத்துக்கும் அவைதான், வடிகாலுக்கும் அவைதான் என்று இரண்டு வேலை பார்க்கின்றன. மழை ஒழுங்காகப் பெய்கிற வருஷம் குறை தெரியாது. வெள்ளம் வந்தால் தலைஞாயிறு பக்கம் போய்க் கேட்க வேண்டும். இங்கேயும் அப்படியே. கசிவு கூடினால் யாரும் கேட்காமலே ரிலே டக்டக் என்று அடிக்கும். குறைந்தால் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி வற்றிப் பெட்டி கண்ணை மூடிவிடும். அது கடுங்குளிரில்தான் நடக்க வேண்டுமா என்றால், ஃபர்னஸுக்கு வேலை அதிகமாக இருப்பதும் அப்போதுதான். "பேட்டரி போட்டு ஓட்டினால் என்ன" என்பது இதைவிட நியாயமான கேள்வி. வைஃபை வேண்டாம் என்றால் இரண்டு பென்சில் பேட்டரி போடும் சாதாரணத் தெர்மோஸ்டாட்டே போதும். என்னைக் கேட்டால் பாதிப் பேருக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

சி வேண்டும் என்று தீர்மானித்தவர், புதுக் கம்பி இழுக்கச் சுவரை உடைக்குமுன், அந்த ஓட்டைக்குள்ளேயே ஒருமுறை விரலை விட்டுப் பார்க்கலாம். யாருக்கும் வேலையில்லாத நீலக் கம்பி ஒன்று பல வீடுகளில் சுருண்டு கிடக்கும். அதன் மறுமுனையைக் கீழே ஃபர்னஸ் போர்டில் சி என்ற இடத்தில் பூட்டினால் வேலை முடிந்தது. இல்லையென்றால் பிளக்கில் செருகும் 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் தனியாகக் கிடைக்கிறது. பூட்டுகிற அவசரத்தில் ஆரும் சியும் தொட்டுக்கொண்டால் போர்டில் இருக்கும் சிறு ஃபியூஸ் போகும். காரில் இருக்கும் அதே ரகம், 3 அல்லது 5 ஆம்பியர், விலை அற்பம். எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றும் ஓடவில்லையா? ஃபர்னஸின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கணும். அதற்குப் பின்னால் ஒரு சுவிட்ச் உண்டு. கதவு அதை அழுத்தாதவரை மின்சாரமே வராது.

அடுத்த வருஷம் தம்பி இங்கே படிக்க வருகிறானாமே. அவன் பெட்டியில் நம்மூர் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை வைத்து அனுப்ப வேண்டாம். அது 24 வோல்ட்டுக்கு எரியாது. எரியவில்லை, கரண்டு இல்லை என்று நம்பிக் கம்பிகளைத் தொடவிட்டு ஃபியூஸைப் போக்கிக்கொள்வான். ஆருக்கும் சிக்கும் நடுவே 24 முதல் 28 வோல்ட் காட்டும் மல்டிமீட்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். டெஸ்டர் வைக்கிற இடத்தில் அத்தையின் மோர்மிளகாய் ஒரு பொட்டலம் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்