மூன்று நாள் வைராக்கியம்: மாமா பதில்கள்

ராத்திரி மோட்டிவேஷன் வீடியோ பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது. விடிந்தால் ஆறிவிடுகிறதே, ஏன்?
– சூடு ஆறியவன், விழுப்புரம்

புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் அன்றைக்கே வகை பிரித்து வைத்துவிட்டார்கள். கதை கேட்டு வருவது, வலியில் வருவது, சுடுகாட்டில் வருவது. மூன்றுக்கும் ஆயுள் வீடு வந்து சேரும்வரைதான். உம்முடையது முதல் வகை. வீட்டில் படுத்தபடியே வருவதால், வந்து சேரும் நேரமும் மிச்சம்!

எதையும் 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடுமாமே?
– அரைகுறை யோகி, தஞ்சாவூர்

மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் ஒரு புத்தகம் எழுதினார். முகத்தைத் திருத்திக்கொண்டவருக்கு அந்தப் புது முகம் பழக ‘குறைந்தது’ சுமார் 21 நாள் ஆகிறது என்றார். அந்தக் ‘குறைந்தது’ பாதி வழியில் இறங்கிக்கொண்டது. 21 மட்டும் ஊர் ஊராகப் போகிறது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்து 2010இல் முடிவை அச்சில் கொண்டுவந்தார்கள். நடுவாந்திரக் கணக்கு 66 நாள். ஒருவருக்கு 18, இன்னொருவருக்குக் கணக்குப்படி 254. புது மூக்குக்கே 21 நாள் என்றால், பழைய தொப்பைக்கு எத்தனை என்று நீரே போட்டுப் பாரும்.

நடுவில் ஒரு நாள் விட்டுவிட்டேன். எல்லாம் போச்சா?
– அதே அரைகுறை யோகி

ஒரு நாள் விட்டதால் பெரிய சேதமில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. “சரி, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்” என்கிறீரே, சேதம் அங்கேதான். புதன்கிழமை கோட்டை விட்டவருக்கு, வியாழன் என்று ஒரு கிழமை இருப்பது ஏனோ ஞாபகத்துக்கு வருவதே இல்லை.

ஜிம்முக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். ஏழாம் நாளோடு சரி. நான் மட்டும்தான் இப்படியா?
– ஆண்டுச் சந்தாதாரர், ஈரோடு

கவலை வேண்டாம், நீர் சர்வதேச சமூகம். டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க ஜிம்களின் வருகைப் பதிவைப் புரட்டி, 2006இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாகப் போனது மாதத்துக்கு நாலு தடவை சொச்சம். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து தடவைக்கான சீட்டு வாங்கினால் தடவைக்கு 10 டாலர்தான் என்ற வசதியும் அங்கேயே இருந்தது!

பணம் கட்டிய ரசீதே பாதி உடம்பு இளைத்த திருப்தியைத் தந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் நேரில் போகவேண்டும்.

என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாளும் சிகரெட்டைத் தொடமாட்டார். மாலையைக் கழற்றிய அன்றே பெட்டிக்கடையில் நிற்கிறார். 41 நாள் முடிந்தவருக்கு 42ஆவது நாள் ஏன் முடியவில்லை?
– சாமியின் சம்சாரம், திண்டுக்கல்

அம்மா, அந்த 41 நாளும் அவர் தனியாகவா விட்டார்? கழுத்தில் மணி, இடுப்பில் கறுப்பு வேட்டி, விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல், சாயங்காலம் சரணம். பஸ் கண்டக்டர்கூட ‘சாமி’ என்கிறார். கை நீட்டினால் பெட்டிக்கடைக்காரரே “என்ன சாமி இது?” என்பார். ஆசை உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது; ஊர் தொட விடவில்லை. மாலையோடு பெயர், வேட்டி, குளியல், கூட்டாளிகள் எல்லாம் ஒரே நாளில் கழன்றன. மிச்சம் நின்றது பழைய ஆள், பழைய கடை.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார், அவர்கள் ஊர் திரும்பிய பிறகு தொடர்ந்து கவனித்தார். முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். இடம் மாறிற்று, கூட்டாளிகள் மாறினார்கள், பழக்கத்துக்குப் பிடிமானம் போயிற்று. உங்கள் வீட்டுக்காரர் கதை தலைகீழ்: வருஷாவருஷம் மலையிலிருந்து நேரே வியட்நாமுக்குத் திரும்புகிறார்.

வீட்டைச் சொல்லவில்லை தாயே, பெட்டிக்கடையைச் சொன்னேன். மாலையைக் கழற்றினாலும் விடியற்காலைக் குளியலைக் கழற்ற வேண்டாம். டீக்கு வேறு தெருவில் போகட்டும். கூட வந்த சாமிகளில் ஒருவர் தை மாசத்திலும் போன் போட்டு “என்ன சாமி, எப்படி?” என்று கேட்கட்டும்.

ஆயுள் முழுக்க மாறுவேன் என்று சபதம் எடுத்தால்தானே மாற முடியும்?
– சபத சிரோன்மணி, மதுரை

உங்கள் ஊர் மேலமாசி வீதியில், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி முழத்துண்டுக்கு மாறினார். தொப்பியும் சட்டையும் அக்டோபர் 31 வரையாவது வேண்டாம் என்பதுதான் அவரது அறிவிப்பு. கெடு தாண்டி 26 வருஷம் ஓடியது; நடுவில் 1931இல் ஐந்தாம் ஜார்ஜின் அரண்மனைக்கும் அதே உடைதான்.

நாமோ ‘ஆயுள் முழுக்க’ என்று ஆரம்பித்து அக்டோபர் 31க்குள் முடித்துவிடுவோம்.

படிக்க உட்கார்ந்தால் கை செல்போனுக்குப் போகிறது.
– போட்டித் தேர்வர், திருவாரூர்

கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் நிலவறைக்குள் இறங்கிப் பயிற்சி செய்வாராம். வெளியே போகும் ஆசை வந்தாலும் வெட்கம் தடுக்கட்டும் என்று, தலையில் ஒரு பக்கத்தை மட்டும் சிரைத்துக்கொள்வாராம். புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இன்று அது பலிக்காது. அதே வெட்டுக்கு சலூனில் ஸ்டைல் என்று காசு வாங்குகிறார்கள்.

போனைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்துவிடும். திரும்ப வாங்கப் போனால், உமக்கு எப்போது வேலை என்று கேட்பார். அதற்குப் பயந்தே இரண்டு பாடம் முடியும்.

தினமும் நடக்கவேண்டும் என்று முடிவெடுக்கிறேன். கால் ஒத்துழைப்பதில்லை.
– குடும்பத் தலைவி, சேலம்

எப்போது, எங்கே என்பதையும் சேர்த்து முடிவெடுத்தவர்கள்தான் அதிகமாகக் காரியத்தில் இறங்குகிறார்கள் என்று பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மன் உளவியலாளர் காட்டியிருக்கிறார். ‘நடப்பேன்’ என்பது ஆசை. ‘பாலை அடுப்பிலிருந்து இறக்கியதும் தெருமுனைப் பிள்ளையார் வரை’ என்பது ஏற்பாடு. பாலை இறக்கிவிட்டுத்தான் போகவேண்டும், அதை மறக்காதீர்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே நாவல் எழுத உத்வேகம் வரவேண்டுமே!
– எதிர்கால நாவலாசிரியர், அம்பாசமுத்திரம்

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப் தபால் இலாகா உத்தியோகஸ்தர். காலை 5.30க்கு மேஜை. கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணிக்கு 250 வார்த்தை. ஆக 47 நாவல். தன்னை எழுப்பிவிட்ட வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். உம்மை எழுப்புகிறவருக்கு நீர் என்ன கொடுக்கிறீர், திட்டுதானே?

எனக்கு வயது 74. இனிமேல் மாற முடியுமா?
– ஓய்வுபெற்ற தாசில்தார், காரைக்குடி

தாராளமாக. உங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு ஐயா: “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று நீங்கள் சொன்னால், வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.